தட்டிப் பார்க்காமல் வாங்கிய கட்டை

போன வருடம் விஜயதசமிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வகுப்பில் சேர இருந்த ஒரு பையனுக்காகப் பழைய மிருதங்கம் தேடிக்கொண்டிருந்தேன். அவன் அப்பா கூடல் நகரில் டூவீலர் மெக்கானிக். புதிது வாங்கிக் கொடுக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் கரூர்ப் பக்கம் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். 24 அங்குலம், பலாக் கட்டை, நல்ல கண்டிஷன், 7000 ரூபாய். படத்தில் கட்டை பளபளவென்று இருந்தது. வீடியோ கேட்டேன், அவர் வீட்டுக் குழந்தை வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், நாலு தட்டுத் தட்டியது. சத்தம் வந்தது. 6500க்குப் பேசி முடித்து பஸ் பார்சலில் போடச் சொல்லிவிட்டேன். இருபது வருடமாக மிருதங்கம் சொல்லித்தருகிற எனக்கே இது நடந்தது என்பதால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறக்கி நேரே வழக்கமாக எனக்கு மிருதங்கம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் வாரைக் கழற்றி, இரண்டு பக்கத்து மூட்டுகளையும், அதாவது தோல் மூடிகளையும், எடுத்து ஓரமாக வைத்தார். வெறும் கட்டையைச் சாய்த்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பிறகு ஈரத்துணியால் உட்புறம் முழுக்கத் துடைத்தார். ஈரம் பட்ட இடமெல்லாம் மரம் கறுத்தது. வாயிலிருந்து வயிறு வரைக்கும் விரல் அகலத்தில் ஒரு கோடு மட்டும் கறுக்கவே இல்லை. ஆணியால் அந்தக் கோட்டைச் சுரண்டினார். மரத்தூளும் பசையும் கலந்த மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. வெளிப்பக்கம் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக் காட்டினார். மற்ற இடங்களில் டங்கென்று கேட்டது, அந்த இடத்தில் தொப்பென்று கேட்டது.

"கட்டை போச்சுண்ணே. இதுல மூட்டு ஏத்தி வார் பிடிச்சா, பிடிக்கப் பிடிக்க வெடிப்பு விரியும். சுருதி நிக்காது" என்றார்.

விற்றவரைப் போனில் கூப்பிட்டேன். அவர் உண்மையிலேயே பதறிவிட்டார். அது அவருடைய தாத்தாவின் மிருதங்கம். பதினைந்து வருடம் பரணில் கிடந்திருக்கிறது. விற்பதற்கு முன் அழகாக இருக்கட்டும் என்று, வீட்டில் கதவு வேலை செய்துகொண்டிருந்த தச்சரிடம் கொடுத்து பாலிஷ் போட்டிருக்கிறார். தச்சர் கதவில் வெடிப்பைப் பார்த்தால் என்ன செய்வாரோ அதையே இதிலும் செய்துவிட்டார். விற்றவர் பாதிப் பணத்தைத் திருப்பியும் அனுப்பினார். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தெரிந்ததை எல்லாம் சொன்னார், தெரிந்தது அவ்வளவுதான்.

இணையத்தில் பழைய வாத்தியம் வாங்குவது என்றதும் எல்லோருக்கும் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற ஆசாமிதான் நினைவுக்கு வருகிறான். அவன் இருக்கிறான், அவனைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் என்னிடம் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற பெற்றோர்களைப் பார்த்தவரையில், தான் விற்பது என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாத நல்ல மனிதர்களிடம்தான் நாம் கூடுதலாக இழக்கிறோம். முன்பெல்லாம் பழைய வீணையோ வயலினோ கைமாறினால் நடுவில் ஒரு வித்வானோ பழுது பார்ப்பவரோ இருப்பார். அவர் கை பட்ட பிறகுதான் விலையே பேசுவார்கள். செயலி வந்து விற்பவரையும் வாங்குபவரையும் நேராகச் சேர்த்துவைத்தது. நடுவிலிருந்த அந்தக் கை காணாமல் போனது.

மதுரையில் பழைய வாத்தியத்துக்கு எப்போதும் தேவை உண்டு. பசுமலை அரசு இசைக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளில் பலர் கிராமத்துப் பிள்ளைகள். கோயில் திருவிழா மேளம், சர்ச்சுகளின் பாடகர் குழு, கிராமத்து நாடக மேடை, கல்யாண மெல்லிசை என்று ஆளுக்கு ஒரு வாத்தியம் வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், கோடை விடுமுறை வகுப்புக்கு என்று வாங்கிய கீபோர்டும் கிடாரும் பள்ளிக்கூடம் திறந்ததும் விளம்பரத்துக்கு வந்துவிடுகின்றன. தாத்தா பாட்டி வாசித்த வீணை, பேரன் ஃபிளாட்டுக்குக் குடிபோகும்போது இடம் இல்லாமல் விற்பனைக்கு வருகிறது. வாங்குபவருக்கும் அவசரம், விற்பவருக்கும் அவசரம்.

மிருதங்கத்தில் எல்லோரும் தோலைத்தான் பார்க்கிறார்கள். கரணை, அதாவது தோலின் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு, உதிர்ந்திருந்தால் வேண்டாம் என்கிறார்கள், புது மூட்டு என்றால் ஆசையாக வாங்குகிறார்கள். இது தலைகீழ். தோல் எப்படியும் தேயும், எப்படியும் மாற்ற வேண்டும். வாசிப்பைப் பொறுத்து வலந்தலைக்கு அடிக்கடி வேலை இருந்துகொண்டே இருக்கும். பல தலைமுறை நிற்க வேண்டியது கட்டை. விளைந்த பலா மரத்தின் வைரத்தில் கடைந்த கட்டையாக இருந்தால், தோல் கிழிந்து கிடந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது வாசித்துக் காட்டும் வீடியோ இல்லை. மூட்டு கழற்றியிருந்தால் உட்புறப் படம். இல்லையென்றால் கட்டை எத்தனை கிலோ என்ற கணக்கு, இரண்டு வாய் விளிம்பின் படம், எப்போதாவது பாலிஷோ பெயின்டோ அடித்தார்களா என்ற பதில். புதுப் பாலிஷ் என்றாலே நான் இப்போது தள்ளி நிற்கிறேன். குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள் தெரிந்தால் வண்டு துளைத்த மரம். கீழே வெள்ளைத்தாள் விரித்து இரண்டு நாள் வைக்கச் சொல்லுங்கள். மாவு விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது, கட்டை உளுத்துக்கொண்டிருக்கிறது.

அளவையும் பார்க்க வேண்டும். 24 அங்குலக் கட்டை தாழ்ந்த சுருதிக்கு, 1 கட்டை, 1½ கட்டை (இங்கே கட்டை என்பது சுருதியின் அளவு) பாடும் ஆண் குரலுக்கு. 22 அங்குலம் 5 கட்டை, 5½ கட்டை பாடும் பெண் குரலுக்கு. பாட்டுக்காரரோடு சேர்ந்து பழக வேண்டிய பிள்ளைக்குத் தவறான அளவை வாங்கிவிட்டால், வாத்தியத்தில் குறையே இல்லாமலும் பணம் வீண்தான்.

வீணையில் சிக்கல் வேறு மாதிரி. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். அதில் குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே பலா மரத் துண்டில் குடைந்து எடுப்பது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து இணைப்பது ஒட்டு வீணை. விலையில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. அரக்கு வண்ணமும் ஒட்டு அலங்காரமும் இணைப்பை மூடிவிடும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். "ஏகாண்டம்" என்று விளம்பரத்தில் எழுதுகிறவரும் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதைத்தான் எழுதுகிறார்.

அதைவிட எனக்குக் கவலை, மெழுகு. வீணையில் தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் மரத்தில் நேராக ஆணி அடித்து வைத்தவை அல்ல. தேன்மெழுகு கலந்த கறுப்பு மெழுகுப் படுகையில், ஒவ்வொரு சுரமாகக் காதால் கேட்டுக் கேட்டுப் பதித்தவை. சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட பார்சல் கிடங்கில் வீணையை ஒரு பகல் வைத்தால் என்ன ஆகும்? மெழுகு இளகும், தந்தியின் அழுத்தத்தில் மெட்டு நகரும். மயிரிழை நகர்ந்தாலே போதும், காந்தாரம் காந்தாரமாக இருக்காது. மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுரம் பார்த்துப் பதிக்க, அதற்கென்று கைதேர்ந்தவர் வேண்டும். ஊருக்கு ஊர் அவர்கள் இல்லை. திருநகரில் ஒரு அம்மா சென்னையிலிருந்து கோடையில் வரவழைத்த வீணைக்கு மேளம் கட்டித்தர ஆள் தேடி மூன்று மாதம் காத்திருந்தார். விற்றவர் அனுப்பியது நல்ல வீணைதான். வழியில் கெட்டது. வீணை வாங்க வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் வாங்குங்கள், முடிந்தால் நீங்களே போய் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

பருவம் மட்டுமல்ல, ஊரும் மாற்றம் செய்யும். கொச்சியிலோ நாகர்கோவிலிலோ ஈரக்காற்றில் பல வருடம் இருந்த மரம், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவில் இருக்கிற மதுரையின் வறண்ட வெயிலுக்கு வந்ததும் சுருங்கும். வயலினில் மேல்பலகையும் விலாவும் ஒட்டிய விளிம்பு வாய் திறக்கும். கிடாரில் பிரிட்ஜ் அடியில் நகம் போகிற அளவு இடைவெளி விடும். வாங்கிய அன்று கோளாறு இருக்காது, வைகாசியில் தெரியும். அப்போது விற்றவரைக் கேட்டு என்ன பயன்?

நாதஸ்வரம் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அதன் சுருதி, உலவு என்கிற மரக்குழலைக் கடையும்போதே முடிவாகிவிடுகிறது. மிருதங்கம்போல ஏற்றி இறக்க முடியாது. வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றிச் சிறிது சரிக்கட்டலாம், அவ்வளவே. திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது, நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்துப் பரவலானது அந்த வகை. கும்பகோணம் பக்கத்து நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து தருகிறார்கள், அதற்கும் 2022இல் புவிசார் குறியீடு வந்தது. விளம்பரங்களில் "நரசிங்கன்பேட்டை நாயனம்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், எத்தனை கட்டை என்று போடுவதில்லை. செட்டு சேர்ந்து வாசிக்கப் போகிறவருக்கு ஊர்ப் பெயரைவிடக் கட்டைதான் முக்கியம். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒரு சட்ஜமம் ஊதிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்மோனியத்தைப் பற்றி மதுரைக்காரன் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவை நடத்தத் தொடங்கியது இந்த ஊரில். இன்றைக்கும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நடந்தால், மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர்தான் விடிய விடிய நாடகத்தைத் தாங்குகிறார். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை துருத்தி போடுகிற பெட்டி அது. அதில் கசிவு இருந்தால் நாலு மணிக்குள் கை செத்துவிடும்.

கசிவு வீடியோவில் தெரியாது, ஏனென்றால் விற்பவர் விசையை அழுத்தியபடியேதான் காட்டுவார். எந்த விசையையும் தொடாமல் துருத்தியை நிறையப் போட்டுவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். காற்று நின்று மெதுவாக இறங்க வேண்டும். சட்டென்று அமுங்கினால் தோலோ மடிப்போ பெட்டியின் இணைப்போ விட்டிருக்கிறது. அதைக்கூடச் சரிசெய்துவிடலாம், சுரம் எழுப்பும் பித்தளை நாக்கான ரீடுதான் பெரிய விஷயம். பித்தளை நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சுருதி சேர்ப்பது என்பதே அதில் சிறிது உலோகத்தை எடுப்பதுதான். பல கை மாறிய பெட்டியில் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எடுத்து, நாக்கு மெலிந்து, அழுத்தி வாசிக்கும்போது சுரம் ஆடும், ஒரு நாள் முறிந்தும் போகும். "ஜெர்மன் ரீடு" என்று எழுதியிருந்தால் அதற்காக விலையைக் கூட்டாதீர்கள். மேல்பலகையைத் திறந்து ரீடுப் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எல்லா நாக்கும் ஒரே நிறத்தில் இருந்தால் ஒரே காலத்தவை. ஒன்று மின்னி, ஒன்று கறுத்து, ஒன்றில் அரம் போட்ட கீறல் தெரிந்தால், அது பல பெட்டிகளிலிருந்து சேர்த்த ஒரு பெட்டி. குஜராத்தின் பாலிதானா ரீடாக இருந்தாலும் ஒரே செட்டாக இருந்தால் அதுவே மேல்.

கீபோர்டில் பார்க்க வேண்டியது குறைவு. ஒவ்வொரு விசையையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை, வரிசையாக அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அடியிலிருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் மெதுவாகத் தொட்டாலும் அலறும் அல்லது ஊமையாக இருக்கும். அடாப்டர் அசலா என்று கேளுங்கள். பழைய காசியோ பலவற்றில் முனையின் உள்பக்கம் மைனஸ், யமஹாவில் உள்பக்கம் பிளஸ். முனை பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகி போர்டைக் கருக்கியவர்கள் உண்டு. ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கு வந்த பொருள் என்றால் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி.

பழைய வயலினுக்குள் ஸ்ட்ராடிவேரியஸ் என்று லத்தீனில் சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, பரணில் புதையல் கிடைத்ததாக நம்புகிற குடும்பங்கள் நம் பக்கமும் இருக்கின்றன. அந்தப் பெயருக்குரிய புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன், பிரெஞ்சுப் பட்டறைகள் அவர் மாதிரியில் செய்த வயலின்களுக்கெல்லாம் அந்தச் சீட்டை ஒட்டி அனுப்பின. சீட்டில் நாட்டின் பெயரும் இருந்தால், அது பெரும்பாலும் 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டத்துக்குப் பிந்திய பட்டறைச் சரக்கு. நல்ல வயலினாகவும் இருக்கலாம், ஆனால் சீட்டுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டியதில்லை.

இனி, பலருக்குத் தெரியாத ஆபத்து. கஞ்சிரா என்கிற சிறிய கைத் தோல்கருவியைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவராகப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையைச் சொல்வார்கள். நம் பக்கத்து ஊர் வாத்தியம் அது. பழைய கஞ்சிராக்களில் உடும்புத் தோல்தான் இருக்கும். உடும்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி. அதன் தோலில் செய்த பொருளை விற்பதும் வாங்குவதும் குற்றம். தண்டனை மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "ஒரிஜினல் உடும்பு" என்று பெருமையாக விளம்பரம் போடுகிறவருக்கும் இது தெரியாது, ஆசையோடு வாங்குகிற மாணவனுக்கும் தெரியாது. இன்று வித்வான்களிலேயே பலர் ஆட்டுத் தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறிவிட்டார்கள். பழைய வீணையில் தந்தத்தில் இழைத்த பூ வேலை இருந்தாலும் இதே கதைதான். குடும்பத்தில் வாரிசுக்குப் போகலாம், விலைக்குக் கைமாறக் கூடாது. விற்கிறவர் "மாட்டுக்கொம்புதான்" என்று சொன்னால், வனத்துறை கேட்கும்போது அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருட்டுச் சரக்கும் சில சமயம் வரும். பள்ளிக்கூட பேண்ட் செட், கோயில் மேளம் எல்லாம் பூட்டு உடைத்து எடுத்துப் போகிறவர்கள் உண்டு. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு வாங்கியவர் மேலும் பாயும். தெரியாமல் வாங்கியிருந்தாலும் பொருள் உரியவருக்கே போகும், பணம் உங்களுக்கு நஷ்டம். பழைய வாத்தியத்துக்கு பில் இருக்காதுதான். நான் வேறொன்று கேட்கிறேன்: "உங்க தாத்தா அந்த வாத்தியத்தை வச்சிருக்கிற பழைய போட்டோ ஏதாவது இருக்குங்களா?" உண்மையான வீட்டில் ஒரு கல்யாணப் படமாவது, ஒரு கோயில் கச்சேரிப் படமாவது கிடைத்துவிடும்.

இப்போது சுருட்டுகிறவன். அவன் முறை நாடு முழுக்க ஒன்றுதான். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ இருப்பதாகச் சொல்வான், அடையாள அட்டைப் படம் அனுப்புவான், இடமாற்றம் ஆகிவிட்டது, பொருள் பார்சலில் கிளம்பிவிட்டது, பாதிப் பணம் போடுங்கள் என்பான். போட்டதும் பார்சல் கட்டணம், காப்பீடு, திரும்ப வரும் தொகை என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். நீங்கள் விற்கிற பக்கம் இருந்தால் பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் படத்தை ஸ்கேன் செய்யச் சொல்வான். பணம் வாங்க யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது; அதைப் போடச் சொன்னாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும்.

அவனைக் காட்டிக்கொடுக்கிற ஒரு பொதுவான அடையாளம் உண்டு. வாத்தியத்தைப் பற்றிக் கேட்டால் பதில் வராது, பணத்தைப் பற்றிக் கேட்டால் நொடியில் வரும். வீடியோ காலில் வாத்தியத்தின் மேல் இன்றைய செய்தித்தாளை வைத்துக் காட்டச் சொன்னால் நெட்வொர்க் இல்லை என்பான்.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்? கடையோ, தொழிலாக விற்பவரோ என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. வீட்டில் கிடந்த ஒற்றை வீணையை விற்கிற தனிநபர் வியாபாரி அல்ல. அங்கே 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பழைய நியதிதான்: பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. குறையைத் தெரிந்தே மூடி மறைத்தார் என்று நிரூபித்தால் ஒப்பந்தச் சட்டப்படி வழி உண்டு. என் கரூர்க்காரர் விஷயத்தில் அதுகூடப் பொருந்தாது, அவருக்கே தெரியாதே. வழியில் உடைந்தால் பார்சல் ரசீதின் பின்பக்கம், உடைந்தால் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும்.

அதனால் இப்போது என்னைக் கேட்கிற பெற்றோருக்கு நான் சொல்லும் வழி இதுதான். மதுரையிலிருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்புகிற தூரத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள்: திண்டுக்கல், காரைக்குடி, விருதுநகர், திருச்சி வரை. பழுது பார்ப்பவரைக் கையோடு அழைத்துப் போங்கள். அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் சாப்பாடும் கொடுங்கள்; "சும்மா வந்து பாத்துட்டுப் போங்கண்ணே" என்று கூப்பிடாதீர்கள். அவர் காதும் விரலும் நாற்பது வருடத்தில் பழுத்தவை, அதற்குக் காசு கொடுப்பதுதான் முறை. அவர் வேண்டாம் என்று சொன்னால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள். முன்பணம் கேட்டால் வாத்தியத்தைப் பார்த்த பிறகு என்று சொல்லுங்கள்.

மெக்கானிக்கின் பையனுக்கு அப்படித்தான் கடைசியில் மிருதங்கம் கிடைத்தது. திண்டுக்கல்லில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில், வலந்தலை கிழிந்து, இடது பக்கத் தொப்பி காய்ந்து, வார் அறுந்து கிடந்த கட்டை. படம் எடுத்துப் போட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்களோடு வந்தவர் அதைத் தூக்கி எடை பார்த்தார், நாணயத்தால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார், எங்கேயும் சத்தம் மாறவில்லை. "இது பேசும்ண்ணே" என்றார். 4000க்குக் கொடுத்தார்கள், மூட்டு வேலைக்குத் தனியாக ஆனது. கரூரிலிருந்து வந்த கட்டையையும் நான் தூக்கிப் போடவில்லை. ஒரு பக்கம் பாலிஷைச் சுரண்டிவிட்டு வகுப்பில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் முதல் நாள் அதை நாணயத்தால் தட்டி, டங்கென்பது எங்கே நின்று தொப்பென்பது எங்கே தொடங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போட வேண்டும்.